பின்னறைக்குத் தெரியாத பிரிண்டர்

சுங்காய் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் அக்கா ஈப்போவில் என் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். அவள் வீடியோ பார்த்தால் என் ஆபீஸ் மீட்டிங் திக்குகிறது என்று ஒரே மாதத்தில் அவளுக்குத் தனி லைன், தனி ரவுட்டர் மாட்டினேன். பாசத்தில் செய்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அதோடு முன்னறைப் பிரிண்டர் அவள் போனுக்குத் தெரியாமல் போனது. பிரிண்டரோ டிவியோ, "நான் இங்கே இருக்கிறேன்" என்று தன் நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் குரல் கொடுக்கும். ரவுட்டரைத் தாண்டிக் கேட்காது. இரண்டு பக்கத்துக் குரலையும் ஒன்றாகச் சேர்த்துவிட வழி உண்டு. கம்ப்யூட்டர் வேலையில் சோறு தின்கிற எனக்கு அது அரை மணி நேர வேலை. செய்யவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா என் அறை வாசலில் நின்றாள்.

"தம்பி, வீட்டு ஃபாரம் பிரிண்ட் ஆக மாட்டேங்குது. மூணு தரம் அமுக்கிட்டேன். நாளைக்குக் கடைசி நாளு லா."

தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கான மலிவு வீட்டு விண்ணப்பம் அது. போனை வாங்கி நானே அடித்துக் கொடுத்திருக்கலாம். சோம்பல். எழுத வெட்கமாக இருக்கிறது.

"பிரிண்டர் ரோசாக், கெட்டுப்போச்சு அக்கா. காலையில கடையில அடிச்சுக்க" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடை திறக்கப் பத்து மணி. பிறகு விண்ணப்பம் வாங்கும் சுங்காய் ஆபீசுக்குப் பஸ். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குக் கவுண்ட்டரை மூடும் நேரத்தோடு விண்ணப்பமும் முடிவு என்று ஃபாரத்திலேயே போட்டிருந்ததாம். அவள் போய் இறங்கியபோது கதவு சாத்தியிருந்தது.

"மெஷின் கெட்டுப்போனா யாரு என்ன செய்ய முடியும்" என்றாள் வீட்டுக்கு வந்து. என் மேல் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த மாதம் என் போனில் ஓடிய பந்தாட்டத்தை அவள் அறையின் பெரிய டிவியில் போட்டுப் பார்க்க எனக்கு ஆசை வந்தது. என் போனுக்கு அந்த டிவி தெரியவில்லை. உடனே கை சுறுசுறுப்பானது. அரை மணி கூட ஆகவில்லை, இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிட்டேன்.

முன்னறையில் பிரிண்டர் தானாக ஓடத் தொடங்கியது. அக்காவின் போனில் அத்தனை நாளும் காத்துக் கிடந்த ஃபாரம். மூன்று தரம் அமுக்கியதால் மூன்று பிரதி. சத்தம் கேட்டு வந்தவள் சூடான தாளைத் தொட்டுப் பார்த்தாள்.

"சரியாயிடுச்சா தம்பி?"

கெடவே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு." தாள்களைத் தட்டி அடுக்கி என் கையில் கொடுத்தாள். "பின்பக்கம் காலியாத்தான இருக்கு. உன் ஆபீஸ் வேலைக்கு வச்சுக்க."