சாக்கெட்டில் ஒட்டிய சந்தனம்

தப்பு செய்தது நீங்கள், மேனேஜர் சார். நாற்பது பேர் முன்னால் பழியை என் மேல் போட்டீர்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். தெருவுக்குத் தெரு கேபிள் டிவி கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அதற்குச் சிக்னலின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் செய்யும் சின்ன கம்பெனி நம்முடையது. நான் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் வேலையில் புதிதாகச் சேர்ந்தவள். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

நான் செய்த பூஸ்டர்களை டெஸ்ட் செய்தவர் ஓர் அக்கா. பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து திருவள்ளூரில் வாழ்க்கைப்பட்டவர். அவர் மேஜை மேல் ஸ்பெக்ட்ரம் அனலைசர் இருக்கும். அது வேலை செய்யும் விதத்தை அவர்தான் எனக்குச் சொன்னார். டிக்கெட் பரிசோதகர் ரயில் பெட்டியின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போவாரே, அப்படி அது ஒவ்வொரு அலைவரிசையாகப் பார்த்துக்கொண்டே போகும். சிக்னல் இருக்கும் இடத்தில் திரையில் கோடு எழும்பும். எவ்வளவு உயரமோ அவ்வளவு பலம். ஒன்றும் இல்லாத இடத்தில் அடியில் புல் மாதிரி இரைச்சல் ஆடிக்கொண்டிருக்கும்.

ஆயுத பூஜைக்கு நாங்கள் எங்கள் குறடுக்கும் சால்டரிங் அயர்னுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். விலை உயர்ந்த மிஷின் என்று அனலைசருக்கு நீங்களே வைத்தீர்கள். லீவு முடிந்து வந்தால், முதலில் டெஸ்டுக்குப் போன என் பூஸ்டர் எல்லாவற்றுக்குமே சிக்னல் பலம் ஏழு டெசிபல் குறைவாகக் காட்டியது.

காலை ஷிப்டில் எல்லோரையும் நிறுத்தி, பூஸ்டருக்குள் இருக்கும், நான் சால்டர் வைத்த போர்டைத் தூக்கிக் காட்டினீர்கள்.

"தோசைக் கரண்டி புடிச்ச கையில அயர்ன குடுத்தா இப்படித்தான். சனிக்கிழமையோட நின்னுக்கோ."

மூன்று போர்டுகளைப் பிரித்து மறுபடி சால்டர் வைத்தேன். அதே ஏழு குறைவு. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான்காவதைப் பிரிக்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்தார்.

"உன் போர்ட நடுவுல வெக்காத. ஜெனரேட்டர்லேர்ந்து நேரா மிஷினுக்குக் குடு."

கொடுத்தேன். சோதனைக்கான சிக்னலைத் தரும் பெட்டிதான் ஜெனரேட்டர்; அது அனுப்பியது மைனஸ் நாற்பது டெசிபல். திரையிலும் அதுவே வரவேண்டும். வந்தது மைனஸ் நாற்பத்தேழு.

"இப்ப நடுவுல உன் போர்டு எங்க கீது?" என்றார் அக்கா.

கேபிளை மாற்றியும் ஏறவில்லை. மிஷினின் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நடு ஊசியில் மஞ்சளாகச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பொட்டு வெக்கச் சொன்னா வாயில ஊட்டி வுட்டுக்கீறாரு."

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காய விட்டோம். கோடு மைனஸ் நாற்பதில் போய் நின்றது. தள்ளிவைத்த பூஸ்டர் ஒவ்வொன்றும் பாஸ் ஆனது.

அக்கா சும்மா இருந்திருக்கலாம். மிஷின் அவர் பொறுப்பு. பழி அவர் மேல் திரும்பியிருக்கும். பூஜை சந்தனத்தைக் குறை சொன்னாள் என்று பேச ஆட்கள் இருந்தார்கள். எல்லாம் தெரிந்தேதான் உங்கள் அறைக்குள் போய்ச் சொன்னார். அவரால்தான் அன்று என் வேலை தப்பியது. பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரிய கம்பெனியில் நானே டெஸ்டிங்குக்குப் போனேன். எந்தப் பொருளைக் குறை சொல்வதற்கு முன்னும், அதை எடுத்துவிட்டு இரண்டு கேபிளையும் நேராக இணைத்துப் பார்ப்பேன். நான் தின்ற சோறு அந்த அக்கா கொடுத்தது. இதை எழுதும்போதும் அவரை நினைத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

நீங்கள் என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மேஜையைப் பார்த்துக்கொண்டே, "சரி, வேலைக்கு வா" என்றீர்கள். ரிஜிஸ்டரில் "கேபிள் கோளாறு" என்று எழுதினீர்கள். அந்த நாற்பது பேருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வருஷங்கள் கழித்து பொன்னேரி மார்க்கெட்டில் அவர்களில் ஒருத்தி தன் புருஷனுக்கு என்னைக் காட்டி, "பூஸ்டர கெடுத்தது இவதான்" என்றாள்.

திட்டியது ஊரறிய. திருத்தியது மட்டும் ஏன் மூடிய கதவுக்குள்? அக்காவுக்கு ஏன் ஒரு நன்றி இல்லை? அந்த நாற்பது பேரும் படிக்கிற மாதிரி, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள் சார்.