மாமா கட்டிய கட்டு

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் மலைப்படியில் ஓடி இறங்கும்போது கால் இடறி விழுந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இடது கை மணிக்கட்டுக்கு மேலே வளைந்து நின்றது. அடிவாரத்திலேயே என் தாய்மாமா வைத்தியக் கடை போட்டிருந்ததால் எல்லோரும் அதை முருகன் செயல் என்றார்கள்.

மாமா தறிக்காரர். முந்தைய வருஷம் அவருக்குக் கால் பிசகியபோது, ஏரிக்கரையில் குடியிருந்த இருளர் பெண் ஒருத்தி பத்து நாள் பச்சிலை வைத்துக் கட்டிக் குணமாக்கினாள். அந்தப் பத்து நாள் பார்த்ததை வைத்துக்கொண்டு 'பரம்பரை எலும்பு வைத்தியம்' என்று போர்டு எழுதிவிட்டார். யாருடைய பரம்பரை என்று அதில் இல்லை.

"எங்க தாத்தா கைராசி" என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டே என் கையை இழுத்து, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். என் அலறல் அரோகராச் சத்தத்தில் கரைந்துபோனது.

மறுநாள் காலையில் விரல்கள் வீங்கிக் கருநீலமாயின. கட்டைப் பிரிக்கலாமா என்று அம்மா கேட்டாள்.

"பிரிச்சா கை கோணிக்கும்" என்றார் மாமா. அண்ணன் சொன்னதைத் தாண்ட அம்மாவுக்குத் துணிவில்லை.

மதியம் கிள்ளினாலும் விரலில் உணர்ச்சியில்லை. நைனா யாரிடமும் சொல்லாமல், செருப்புகூடப் போடாமல் கிளம்பினார். காவடிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்த ஏரிக்கரைப் பெண்ணோடு திரும்பி வந்தார். அவள் தெருவிலேயே நின்றாள். "உள்ள வாம்மா" என்று நைனா இரண்டு முறை கூப்பிட்ட பிறகே நுழைந்தாள். என் விரல்களைப் பார்த்துவிட்டு மாமா பக்கம் திரும்பினாள்.

"உள்ள இன்னா வெச்சிக்கீற சாமி?"

"அது எங்க தாத்தா..."

"தாத்தா கதைய அப்பால சொல்லு. எங்கிட்ட பாத்ததா, வேற எங்கனா பாத்ததா? அது தெரிஞ்சாத்தான் பிரிக்க முடியும்."

எல்லோரும் மாமாவையே பார்த்தார்கள். நான் செத்துக்கொண்டிருக்கும்போது இவள் சண்டைக்கு நிற்கிறாளே என்று எனக்கு ஆத்திரம்.

"உங்கிட்ட பாத்ததுதான்" என்றார் மாமா, தரையைப் பார்த்து. "முட்ட வெள்ளை பூசி இறுக்கிக்கீறேன். எல பேரு தெரியல. கெடச்சத அரைச்சி வெச்சேன்."

கல்லாய் இறுகியிருந்த துணியை வெந்நீரில் நனைத்து நனைத்து அறுத்தாள். விரல்களுக்கு ரத்தம் திரும்பியது. வலியும் திரும்பியது. எலும்பை ஒரே ஒரு முறை தடவிப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

"முறிஞ்சி வெலகிக்கீது. இது என் கைக்கு அடங்காது. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க."

"இவளுக்கும் தெரியலயே" என்று மாமா முணுமுணுத்தார். நானும் அப்படியே நம்பினேன்.

இன்னும் சற்று நேரம் அந்தக் கட்டைப் பிரிக்காமல் விட்டிருந்தால் கையையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் நைனாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. என் கவனமெல்லாம் வெள்ளை மாவுக்கட்டின் மேல். ஏரிக்கரைக்காரிக்கு ஒன்றும் தெரியாது, டாக்டர்தான் பிழைக்க வைத்தார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அடுத்த கிருத்திகைக்கு மாமா கடை போடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

சந்தையில் எதிர்ப்பட்டால் அவள் முதலில் என் கையைத்தான் பார்ப்பாள், பிறகுதான் முகத்தை. நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அம்மாவின் மறுபக்கம் போய்விடுவேன். வைத்தியம் தெரியாதவள் எதற்கு என் கையைப் பார்க்கிறாள் என்று கோபம் கோபமாக வரும்.