விவாகரத்துச் சங்கமும் மூன்றாம் ஓலையும்

எனக்குக் கல்யாணம் நிச்சயமான காலத்தில், கனடாவில் ஒரு சின்ன ஊரின் 'விவாகரத்து ஆன ஆண்கள் நலச் சங்கம்' என் பெயரில் இருந்தது. சங்கம் என்றால் சங்கம் இல்லை, அதன் இணைய முகவரி மட்டும். இந்த வித்தியாசத்தை எங்கள் ஊர் குலசேகரத்திலிருந்து புதுக்கடை வரை ஒருவருக்கும் புரியவைக்க முடியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இணையத்தில் ஒரு பெயரை, டொமைன் என்பார்கள், வாங்கி வெப்சைட் நடத்துகிறார். அந்தப் பெயரை வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மறந்துபோவார், இல்லையென்றால் அலுத்துப்போய் விட்டுவிடுவார். பெயர் காலாவதியாகி யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று வெளியே வரும். அந்த நேரம் பார்த்து நான் அமுக்கிவிடுவேன். பிராட்பேண்ட் வந்த புதிது அது. மனிதர்களே உட்கார்ந்து ஒவ்வொரு சைட்டாகப் பார்த்துத் தொகுத்த பெரிய டைரக்டரி ஒன்று அப்போது இணையத்தில் இருந்தது. அதில் இடம் கிடைப்பது அரசாங்க வேலை கிடைப்பதுபோல. கிடைத்துவிட்டால் தேடுபொறிகள் அந்த சைட்டுக்கு எழுந்து நின்று மரியாதை கொடுக்கும். உரிமையாளர் கைவிட்டுப் போன பிறகும் டைரக்டரியில் அந்த வரி அப்படியே கிடக்கும், மரியாதையும் கிடக்கும். நான் வாங்கியது அந்த மரியாதையைத்தான். பக்கத்தின் அடியில் ஒரு குட்டி இணைப்பு போட்டு ஆயுர்வேத விடுதிக்காரருக்கோ முந்திரி ஏற்றுமதிக்காரருக்கோ கொடுத்தால், அவர்கள் தேடலில் மேலே ஏறிவருவார்கள். எனக்குக் காசு.

அப்பா ரப்பர் ஷீட் வியாபாரி. யாராவது கேட்டால், "எனக்க மக செத்துப்போன வெப்சைட்டுக்கெல்லாம் கல்லறை வச்சு நடத்துகா" என்பார். அம்மா "கம்ப்யூட்டரு வேல" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டைரக்டரிக்காரர்கள் அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பார்கள். விவாகரத்துச் சங்கம் இருந்த இடத்தில் முந்திரிப்பருப்பு இருந்தால் வரியை வெட்டிவிடுவார்கள். அதனால் பழைய பக்கங்களை இணையக் காப்பகத்திலிருந்து தோண்டி எடுத்து, ஒரு எழுத்து மாறாமல் திரும்ப ஏற்றிவைப்பேன். சங்கத்தின் உறுதிமொழி, உறுப்பினர் சந்திப்பு, தனியாகச் சமைப்பவர்களுக்கான குறிப்புகள், எல்லாம். பழைய போன் நம்பர் மட்டும் செத்துக் கிடந்தது. செத்த நம்பரைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தேகம் வரும். இந்தத் தொழிலில் மற்றவர்கள் வாயில் வந்த நம்பரைப் போடுவார்கள். எனக்குப் பொய் நம்பர் போடக் கை வரவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் பொய்க்கு வாங்கிய அடி அப்படி. எங்கள் வீட்டு லேண்ட்லைன் நம்பரைப் போட்டேன்.

கனடாவிலிருந்து எவன் மெனக்கெட்டு இங்கே போன் பண்ணப்போகிறான் என்று நினைத்தேன். பண்ணினான்.

எங்கள் வீட்டில் விடியும் முன்னே குடும்ப ஜெபம். அப்பா ஒரு கீர்த்தனையை ஆரம்பித்து சுருதியைத் தொலைத்துவிடுவார், அம்மா அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவாள், நான் பாதித் தூக்கத்தில் வாயசைப்பேன். பிறகு அம்மாவின் ஜெபம். வளைகுடாவிலிருக்கும் சொந்தக்காரர்கள் தொடங்கி சினையாக இருக்கும் ஆடு வரை ஒன்றையும் விடமாட்டாள். ஒருநாள் பாட்டின் நடுவே போன் அடித்தது. இங்கே விடியற்காலை என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம். அம்மா எடுத்தாள். ஓர் ஆண் குரல், இங்கிலீஷ். அம்மாவின் கையிருப்பு கொஞ்சம்தான். "ஒன் மினிட். ப்ரேயர்" என்று சொல்லி, ரிசீவரை மேஜையில் மல்லாத்தி வைத்துவிட்டு வந்து பாட்டைத் தொடர்ந்தாள். அவன் வைக்கவில்லை. ஆமென் வரைக்கும் இருந்து, தேங்க்ஸ் சொல்லிவிட்டு வைத்தான். மறுநாளும் அதே நேரத்துக்கு அடித்தது.

நான் எடுத்துப் பேசினேன். அவனுக்கு விவாகரத்தாகியிருந்தது, டைரக்டரியில் பார்த்துச் சங்கத்தைத் தேடியிருக்கிறான். சங்கம் இப்போது நடக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பரவாயில்லை, பாட்டு நேரத்துக்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்றான். அந்தக் குரலிடம் முடியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அம்மா தன் ஜெபத்தில் ஆட்டுக்கு அடுத்தபடியாக 'கனடா தம்பி'யைச் சேர்த்துக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் வரன் வந்தது. புதுக்கடைக்காரர், பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். பெண் பார்க்க வருகிறவர்கள் என் தொழிலைக் கேட்டுவிட்டு, பதில் முடிவதற்குள் முறுக்கைக் கடிக்க ஆரம்பிப்பது வழக்கம். இவர் முறுக்கைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு, "பேர விட்டுட்டுப் போனவரு திரும்பி வந்து கேட்டா என்ன செய்வ?" என்றார். அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. அன்றே எனக்கு ஆள் பிடித்துப்போனது. இவரில்லாவிட்டால் வேறு யாரோ என்ற எண்ணமே பிறகு வரவில்லை.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்கள். அடுத்தடுத்து மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று இரண்டு வீட்டாரின் கோயிலிலும் போதகர் படிப்பார். மூன்றாம் ஓலை படித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. எங்களுக்கு இரண்டாம் ஓலை வரை தேன்போலப் போனது.

அந்த வாரம் பெண்கள் ஜெபக்கூட்டம். யாருக்காவது ஜெபக் குறிப்பு உண்டா என்று கேட்டார்கள். அம்மா எழுந்து நின்றாள். "கெட்டுன பெண்டாட்டியும் விட்டுட்டுப் போயி, கனடாவுல ஒத்தைக்குக் கெடக்க ஒரு வெள்ளக்காரப் பயலுக்காக ஜெபிக்கணும். எனக்க மகளுக்க சைட்டப் பாத்துட்டு டெய்லி விடியக்காலம் வீட்டுக்குப் போன் விளிக்கான், பாவம்."

அவளுக்கு அது இரக்கம். கேட்ட பெண்களுக்கு அது வேறு. கூட்டம் முடிந்து கொடுத்த டீ ஆறுவதற்குள் செய்தி புதுக்கடையில் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்து வீட்டுப் பையனை விட்டு சைட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். முகப்பில் தலைகவிழ்ந்த ஓர் ஆணின் படம். கீழே எங்கள் வீட்டு நம்பர்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் போதகரின் அறையில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்தோம். தொழிலைப் பற்றிக் கேட்டால் விளக்க வேண்டுமே. டைரக்டரி, காலாவதி, தேடுபொறி என்று நீளமாக விளக்கினேன். போதகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நீ ஒரு காலி வீட்ட வாங்கியிருக்க. சரி. பழைய ஆளுக்க போர்ட ஏன் எடுக்கல்ல?"

"போர்டுக்குத்தான் ஐயா விலை. வீட்டுக்கு ஒண்ணும் கிடையாது."

போதகர் கண்ணைத் திறந்தார்.

"அவன் என்னத்துக்கு விடியக்காலம் விளிக்கான்?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"பாட்டு கேக்க, மாமி."

"பாட்டு கேக்க கனடாவுல ரேடியோ இல்லியா?"

மாமி நிபந்தனையைச் சொன்னார். அந்த சைட்டை இன்றைக்கே அழிக்க வேண்டும், போன் நம்பரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு மூன்றாம் ஓலை வேண்டாம்.

அழிப்பது பெரிய காரியமில்லை, ஒரு நிமிஷ வேலை. ஆனால் ஏதோ பாவத்தைக் கழுவுவதுபோல அழிக்கச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லட்டும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை, அழித்துவிடுகிறேன் என்று அவர் முகத்தையே பார்த்தேன். மனுஷன் சுவரில் மாட்டியிருந்த எருசலேம் படத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தபோது அப்படியொரு கேள்வி கேட்ட வாய், இப்போது ஊமைக் கோட்டான் மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அழிக்க மாட்டேன்" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு வாரக்கணக்கில் நீலமாக இருந்தது. அப்பா மேல்கூரையைப் பார்த்தார். கடைசியில் போதகர்தான், "நாளைக்கு விடியக்காலம் எல்லாருமா இவங்க வீட்டு ஜெபத்துல இருங்க. அவரு விளிக்கட்டும், நேருல கேளுங்க. ஓலை அதுக்குப் பொறவுதான" என்றார்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. கோபத்தில்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். பயத்தில்.

விடியும் முன் வாடகை ஜீப்பில் மாமியும் மகனும் வந்து இறங்கினார்கள். ஜெபம் ஆரம்பித்தது. அப்பா ஒரு கீர்த்தனை பாடினார், போன் அடிக்கவில்லை. இன்னொன்று பாடினார், அடிக்கவில்லை. ஆள் இருக்கிற தைரியத்தில் சுருதி இன்னும் மோசம். மாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா ஜெபத்தை இழுத்தாள். எங்கள் ஆட்டோடு நிற்காமல் அடுத்த வீட்டு மாட்டுக்கும், அதற்கடுத்த வீட்டுக் கோழிக்கும் ஜெபித்தாள். இத்தனை நாளும் தவறாமல் கூப்பிட்ட பாவி இன்றைக்குப் பார்த்து எங்கே போய்த் தொலைந்தான்?

கோழிக்கு ஆமென் சொல்லும்போது அடித்தது. நான் எழுவதற்குள் மாப்பிள்ளை எழுந்து எடுத்துவிட்டார்.

இங்கிலீஷில் கொஞ்சநேரம் பேசினார். ஒரு தடவை சிரித்தார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "பிந்திட்டேன், பாட்டு முடிஞ்சாச்சாண்ணு கேக்காரு. இது அவரு சாப்பிடுக நேரமாம். ஒத்தைக்கு இருந்து சாப்பிட முடியல்லியாம். நாலு பேருக்க சத்தம் கேட்டா ரெண்டு வாயி கூட எறங்குகாம்."

"அப்பம் இவ்வளவு நாளும் நம்ம ஜெபத்துல இவன் தின்னுட்டா இருந்தான்?" என்றாள் அம்மா.

மாமி அம்மாவைக் கையமர்த்தினார். "அந்தச் சங்கம் என்னாச்சுண்ணு கேளு."

கேட்டார். "பொறவு ஊருல விசாரிச்சாராம். அத நடத்துனவரு மறுபடி கல்யாணம் கழிச்சிட்டாராம் அம்மா. அதான் புதுப்பிக்காம விட்டுட்டாரு."

மாமி யோசித்தார். முகத்தில் ஏதோ இளகுவது தெரிந்தது. "அப்பம் ராசியுள்ள சைட்டுதான்" என்றார். பிறகு, "இண்ணைக்கு என்ன சாப்பாடாம்?"

"டப்பாவுல அடச்ச மீனாம்."

"டப்பா மீனா? கர்த்தாவே." காலமெல்லாம் பச்சை மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஊர்க்காரி அவர். முந்தின நாள் நான் சொன்ன எதற்கும் இளகாத மனசு அந்த டப்பாவில் உடைந்துபோனது. "போன வச்சிராண்டாம்ணு சொல்லு. அவன் தின்னட்டும், நாம பாடுவோம்" என்று அவரே ஆரம்பித்தார். என்ன குரல் என்கிறீர்கள். அப்பா முதல்முறையாகச் சுருதியில் நின்றார்.

பாட்டு முடிந்து ரிசீவரை வைத்ததும், மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டார். "அந்த டொமைன ஒரேயடியா எத்தன வருசத்துக்குப் புதுப்பிக்கலாம்?"

"பத்து வருசத்துக்கு."

"அப்பம் பத்தும் போடு." தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அது அழியாண்டாம், அம்மா. நம்பரும் மாத்தாண்டாம். நேத்தே நான் சொல்லியிருக்கணும்."

புதுக்கடையிலும் ஓலை இருக்கிறதே என்று மாமியே மகனை ஜீப்புக்குக் கிளப்பினார்.

எங்கள் தொழிலில் எந்த டொமைனுக்கும் ஒரு வருஷம்தான் கட்டுவோம். லாபம் வந்தால் அடுத்த வருஷம், வராவிட்டால் கைகழுவிவிடுவோம். விட்டுவிடும் எண்ணம் துளியும் இல்லாதவன்தான் பத்து வருஷத்துக்குக் கட்டுவான். அவருக்கு அது தெரிந்திருந்தது, பெண் பார்க்க வந்த அன்று நான்தான் சொல்லியிருந்தேன். ராத்திரி முழுக்க அவரைக் கிழிப்பதற்கு நான் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அன்று காலை ஆராதனையில் போதகர் எங்கள் மூன்றாம் ஓலையைப் படித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டு நிறுத்தினார். கோயிலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மட்டும் குனிந்த தலையை நிமிர்த்த முடியவில்லை, நிமிர்ந்தால் நான் அழுவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள்.