வாவ்ராவின் இடது கண்ணும் பதினோரு ஓட்டும்

பேரரசர் காலத்து வியன்னா நாடாளுமன்றத்தில் மத்தோஷ் வாவ்ரா அவைச் சேவகன். காலையில் மைக்கூடுகளை நிரப்புவது அவன் வேலை. செக்கர், போலந்துக்காரர், ஜெர்மானியர், ஸ்லோவேனியர் முதலான எட்டு இனத்தாரும் அந்த மையைத் தொட்டுத்தான் ஒருவரையொருவர் திட்டி எழுதுவார்கள். மத்தியானத்துக்கு மேல் எழுதுவதில்லை, மைக்கூட்டையே எறிவார்கள். சேவகனுக்கு ஒரே சட்டம்: தலையே போனாலும் உறுப்பினர் மேல் கை வைக்கக்கூடாது. செக்கனான வாவ்ரா பத்தொன்பது வருஷம் அதை மீறியதில்லை.

செக்கரும் ஜெர்மானியரும் வாழும் பொஹீமியா மாகாணத்தில் அதிகாரிகளெல்லாம் செக் மொழியும் படித்தாக வேண்டும் என்று சட்டம் வந்த நவம்பரில் அவை ரணகளமானது. செக் கட்சித் தலைவர் டாக்டர் க்ரெய்சா பேச எழுந்தார். மலைநாட்டு ஜெர்மானியர் கட்சியின் டீட்லிங்கர் மேசை மேல் ஏறிப் பாய்ந்தான். நாற்காலிக் கால்கள் மண்டைகளைப் பிளந்தன. ஒருவர் காதை இன்னொருவர் கடித்துத் துப்பினார். க்ரெய்சாவைக் குறிவைத்து டீட்லிங்கர் எறிந்த பித்தளை மைக்கூடு, நடுவில் நின்ற வாவ்ராவின் இடது கண்ணில் பாய்ந்தது. கன்னத்தில் மையும் ரத்தமும் சேர்ந்து வழிந்தன. கண்ணைத் தோண்டித்தான் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் க்ரெய்சா அவன் கையைப் பிடித்து அழுதார்.

"எனக்கு வந்த அடிய நீ வாங்கிட்டியேப்பா. அந்தப் பாவி பேரு அவைக்குறிப்புல குத்தவாளின்னு ஏறும். ஏத்தாம விடமாட்டேன்."

வாவ்ராவுக்கு அது ஒன்றே போதும் என்றிருந்தது.

ஐந்து வாரம் கழித்துப் போலந்துக்காரர்கள் க்ரெய்சாவின் ஆளுங்கூட்டணியை விட்டு விலகினார்கள். ஒன்பது ஓட்டுக் குறைந்தது. க்ரெய்சா ஒரு தாளோடு தாழ்வாரத்தில் வந்து நின்றார்.

"படியில வழுக்கி விழுந்தேன்னு ஒரு கையெழுத்துப் போடு, வாவ்ரா."

"யாருங்கய்யா விழுந்தது?"

"நீதான். டீட்லிங்கர் பதினோரு ஓட்டோட நம்ம பக்கம் வர்றான். விசாரணை இருந்தா வரமாட்டேங்கிறான்."

"அப்போ நம்ம மொழிச் சட்டம்?"

"ரெண்டு வருஷம் ஊறட்டும். நமக்கு ரெண்டு மந்திரி கிடைக்குதுல்ல?"

"இதுக்காய்யா என் கண்ணு போச்சு?"

வாவ்ரா கையெழுத்துப் போடவில்லை. அவன் வழுக்கி விழுந்ததைப் பார்த்ததாக இன்னொரு சேவகன் போட்டுவிட்டான், பாழாய்ப்போனவன்.

மறுநாள் க்ரெய்சாவும் டீட்லிங்கரும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. வாவ்ரா ஊற்றிய மை டீட்லிங்கரின் சட்டைக் கையில் சிந்தியது. பளாரென்று அறை விழுந்தது.

"குருட்டு நாயே! கண்ணு எங்கடா போச்சு உனக்கு?"

வாவ்ரா க்ரெய்சாவைப் பார்த்தான். அவர் குனிந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

வாவ்ரா மைக்கூட்டை எடுத்தான். முதல் அடியில் டீட்லிங்கரின் மூக்கு நொறுங்கியது, இரண்டு பற்கள் மேசையில் விழுந்தன. அடுத்த அடி க்ரெய்சாவுக்கு. அதைத்தான் ஆசை தீர அடித்தான். பிறகு எட்டு இனத்தாரும் சேர்ந்து அவனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். நாலு விலா எலும்பு உடைந்தது.

அவனை வேலையை விட்டு நீக்கும் தீர்மானம் அன்றே வந்தது. யாரும் மேசையைத் தட்டவில்லை, யாரும் கூச்சல் போடவில்லை. போலந்துக்காரர்கள் உட்பட எல்லாரும் கை தூக்கினார்கள்.

அவைக்குறிப்பில் குற்றவாளி என்று ஒரு பெயர் ஏறியது: மத்தோஷ் வாவ்ரா.