கூடிக் கிடந்த ஒயில்

எங்கள் பழைய காரின் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி பூட்டியவர் என் அம்மா. அப்பா அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றுவரை பலர் நம்புவதில்லை. எனக்கோ அந்த வயதில் பெருமையில் கால் தரையில் படவில்லை.

உருத்திரபுரத்தில் வாய்கள் சும்மா இருக்குமா? பெண் பூட்டிய எஞ்சின் பரந்தன் சந்தியைத் தாண்டாது என்று அம்மாவின் சொந்தத் தமையனே, என் மாமாவே, சொல்லித் திரிந்தார். அம்மா ஒரு கிழமையாக முற்றத்தில் எஞ்சினை மெல்ல ஓடவிட்டுப் பழக்கினார். பிறகு பளையில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டோம். அம்மா ஓட்ட, மாமா பக்கத்தில் வீற்றிருந்தார். அப்பாவும் நானும் பின்னால்.

பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றபோது, ஒயில் அழுத்தம் காட்டும் முள் திடீரென்று விழுந்தது. அம்மா உடனே எஞ்சினை நிறுத்தினார். கலியாண உடுப்போடு காரைத் தள்ளி ஓரங்கட்டினோம்.

"பெயாரிங் போயிட்டுது, பிள்ளை. திரும்ப எஞ்சினை இறக்கத்தான் வேணும்," என்றார் மாமா. சந்தோசத்தை மறைக்க அவர் பெரிதாகப் பாடுபடவில்லை.

அம்மா குனிந்து அடியில் பார்த்தார். ஒழுக்கு இல்லை. ஒயில் அளக்கும் கம்பியைத் துடைத்து, விட்டு எடுத்தார்.

"குறையேல்லை, அண்ணை. நான் விட்டதிலும் கூடிக் கிடக்கு."

விரலால் தொட்டார், தண்ணீராய் ஓடியது. முகர்ந்தார். மண்ணெண்ணெய்! எரியாமல் கீழிறங்கி ஒயிலோடு கலந்து, அழுத்தம் பிடிக்காதபடி அதை நீர்க்க வைத்திருந்தது. அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பெற்றோலோடை கலந்தனீங்களோ?"

"ஓம்... பெற்றோல் முடிஞ்சுபோனால் என்ன செய்யிறது எண்டு."

சண்டைக் காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் வருவதே அரிது. கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சண்டை முடிந்த இப்போதோ எங்களுக்கு எதிரேயே பெற்றோல் அடிக்கும் செற் திறந்து கிடந்தது.

தாங்கியை வெறுமையாக்கி, பழைய ஒயிலை வடித்து, புது ஒயிலும் பெற்றோலும் விட்டதும் முள் எழுந்து நின்றது. மாமா பளை வரை வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். கலியாண வீட்டில் நான் ஒருவரையும் விட்டுவைக்காமல் அம்மாவின் வீரத்தைச் சொன்னேன்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஒரு குவளை பாலைக் கொட்டினாலே என்னைப் போட்டுத் தாளிக்கிற அம்மா, அப்பாவை ஒரு சொல்லும் ஏசவில்லை. அவர் கையைப் பிடித்து, "இனி எல்லாம் கிடைக்கும், பயப்பிடாதேங்கோ," என்று மட்டும் சொன்னார். அப்பா அழுதார். பெற்றோலுக்காக ஒரு பெரிய மனிதர் அழுவாரா என்று எனக்கு ஒரே சிரிப்பு.