இடது தோளுக்கு ஏற்ற முகூர்த்தப் புடவை

முகூர்த்தப் புடவை எடுக்க பெங்களூருக்குப் போகிற அன்று, அம்மா என் ரவிக்கையின் இடது தோளில் உள்பக்கமாக ஒரு பஞ்சுத் திண்டை வைத்துத் தைத்தாள். பழைய வேட்டித் துணியை மடித்து, நடுவில் பஞ்சு திணித்து, உள்ளங்கை அளவில் அவளே செய்தது. பெண் பார்க்க வந்தபோதும் அதைத்தான் வைத்திருந்தேன்.

என் முதுகெலும்பு லேசாக வளைந்திருக்கும். வயதுக்கு வந்த பிறகுதான் தெரிய ஆரம்பித்தது. உடம்புக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளை பெறுவதற்கும் தடையில்லை என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் இடது தோள் வலதைவிட நன்றாகவே இறங்கி நிற்கும். முந்தானை விழுவது அந்தத் தோளில்தான். பின் குத்தாமல் சேலை கட்டினால் நாலடி நடப்பதற்குள் வழிந்து கைக்கு வந்துவிடும்.

எண்பதுகளின் கடைசி அது. ஓசூர் தொழிற்பேட்டையில் மின்சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. அங்கே சேலைக்கு மேல் நீலக் கோட்டு போட்டிருப்போம். என் கோட்டு ஒரு பக்கம் தாழ்ந்து தொங்குவது எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பேசுவதில்லை. கல்யாணம் நிச்சயமானதும் கேன்டீனில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "நீ ஒல்லி, ஒசரம். பெரிய பார்டர் போட்டதா எடு. சின்ன பார்டர் எடுத்தா கொடிக்கம்பம் மாதிரி தெரிவே" என்றாள் ஒருத்தி. குள்ளமானவளுக்கு எது, பூசினாற்போல் இருப்பவளுக்கு எது என்று பேச்சு நீண்டது. என் தோளைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீடு குருபரப்பள்ளி பக்கம். கொஞ்சம் நிலம் வைத்து விவசாயம் செய்கிறவர்கள். மாப்பிள்ளை தொழிற்பேட்டையிலேயே வேறொரு கம்பெனியில் இருந்தார். அவருடைய அக்காவை பெங்களூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஜவுளிக்கடைக்கு எங்களைக் கூட்டிப்போனது அந்த அண்ணிதான். நான், அம்மா, மாமியாராகப் போகிறவர், அண்ணி என்று நாலு பேர்.

என் மாமியாருக்கு முதலில் பிடித்தது ஓர் அரக்குச் சேலை. மெல்லிய பட்டு, விரல் அகலத்துக்குக் கரை. "எவ்ளோ நெகுநெகுன்னு கீது பாருங்க. மெலிசா இருக்கற பொண்ணுக்கு இதான் எடுப்பு" என்று அதைத் தடவித் தடவிப் பார்த்தார். கடைக்காரர் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்திச் சேலையைச் சுற்றினார். அண்ணி முந்தானையை மடிப்பு வைத்து என் தோளில் போட்டாள். போட்டு அழுத்தின கை அப்படியே நின்றது. விரல்கள் திண்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மெதுவாக வலது தோளுக்குப் போய்த் திரும்பி வந்தன. கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் அந்தப் பக்கம் திரும்பிச் சம்பந்தி வரிசைக்கான சேலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அண்ணி கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் கன்னடத்தில் பேசினாள். எனக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்திருப்பாள். கம்பெனியில் என் பக்கத்து மேஜையில் வேலை செய்கிற இரண்டு பேர் அத்திப்பள்ளிக்காரிகள், நாள் முழுக்கக் கன்னடம்தான் பேசுவார்கள். 'புஜ' என்ற சொல் காதில் விழுந்ததுமே, அவள் என் தோளைத்தான் சொல்கிறாள் என்று புரிந்துவிட்டது. பெண்ணுக்கு ஒரு தோள் இறக்கம், மெல்லிய பட்டு வேண்டாம், விறைப்பாக நிற்கிற மாதிரி அகலக் கரை போட்டதாகக் காட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் என் தோளை ஒரு முறை பார்த்தார். பிறகு கனமான மயில்கழுத்து நிறச் சேலை ஒன்றை எடுத்துப் போட்டார். முந்தானையைத் தோளில் வைத்ததும் அது அட்டை மாதிரி நின்றது. உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"என்னாடி இது, பலகை மாதிரி நிக்குது" என்றார் மாமியார்.

"இப்ப இதுதாம்மா எல்லாரும் கட்டறாங்க. போட்டோவுல நல்லா விழும்" என்றாள் அண்ணி.

மாமியார் அரக்குச் சேலையை மனசில்லாமல் தள்ளி வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னையும் அம்மாவையும் ஓசூரில் இறக்கிவிட்டு, தன் அம்மாவோடு அவள் குருபரப்பள்ளிக்குப் போவதாக ஏற்பாடு. ஓசூர் நெருங்கும்போது கேட்டாள்.

"பொறந்ததுலேருந்தா?"

"இல்லீங்க அண்ணி. பன்னண்டு, பதிமூணு வயசுல."

"எந்தம்பிக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல."

"சொல்லிடு. நாஞ் சொன்னா நல்லாயிருக்காது. எங்கம்மாகிட்ட இப்ப வேணாம்." பிறகு, "அந்தத் திண்டு வெளிய தெரியுது. இன்னும் சன்னமா தெக்கச் சொல்லு" என்றாள். அவள் எனக்கு நல்லதுதான் செய்தாள். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லுக்கு அப்புறம் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஷிப்ட் முடிந்து, மாப்பிள்ளை பஸ் ஏறுகிற இடத்தில் காத்திருந்தேன். சுற்றிலும் கம்பெனி ஆட்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "எனக்கு ஒரு தோள் கொஞ்சம் எறக்கமா இருக்கும்" என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

"தெரியுங்க" என்றார். "உங்க கம்பெனில ஸ்டோர்ஸ்ல இருக்கறவன் எங்கூடத்தான் தங்கியிருக்கான். பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டான். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவர், "எங்கம்மாவுக்கு மட்டும் தாலி கட்டற வரைக்கும் தெரிய வேணாம். அப்பறம் நான் பாத்துக்கறேன்" என்றார். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தால் எனக்கு நிம்மதியே இல்லை. என் உடம்பை யாருக்கு எப்போது காட்டுவது என்று அம்மா, அண்ணி, அவர் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

கல்யாணத்தன்று விடிகாலையில், திண்டு வேண்டாம், வெறும் ரவிக்கையே போதும் என்று அம்மாவிடம் சொன்னேன். வாயில் பின்களைக் கவ்விக்கொண்டிருந்தவள் அவற்றைக் கையில் துப்பினாள். "மேடையில நின்னுபோச்சுன்னா நான் யாருகிட்ட போயி நிக்கறது? உங்கப்பனா இருக்கான்?" அப்பா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. திண்டு வைத்த ரவிக்கையையே போட்டுக்கொண்டேன். மொடமொடப்பான அந்தச் சேலைக்குள் வேர்த்து ஊற்ற, தாலி ஏறியது. மாமியார் உட்பட எல்லோர் கண்ணுக்கும் நான் நேராகவே இருந்தேன்.

மதியம் குருபரப்பள்ளி வீட்டுக்கு வந்துவிட்டோம். சேலை மாற்றிக்கொள்ளச் சொல்லி என்னை ஓர் அறையில் விட்டார்கள். அண்ணி உதவிக்கு வந்தாள்.

"நீங்க இருங்க அண்ணி. அத்தையைக் கூப்பிடுங்க" என்றேன்.

அவள் போய் அழைத்துவந்தாள். மாமியார் உள்ளே வந்ததும், "இந்த பின்ன எடுத்து வுடுங்க அத்தை" என்று முதுகைத் திருப்பினேன். பின்னை எடுத்தார். முந்தானை சரிந்தது. ரவிக்கைக்குள் கைவிட்டுத் தையலை இழுத்துப் பிரித்து, திண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வேர்வையில் அது நனைந்து போயிருந்தது.

என் தோளையும் திண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நினைத்த மாதிரி கத்தவில்லை.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

கதவோரம் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப நான் ஒருத்திதான் கேனச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன என் வீட்டுக்காரர், தன் அம்மா முகத்துக்கு நேராக நிற்கவே பயந்தார். வெகுநாள் மாமியார் மகனோடு பேசவில்லை. அண்ணி வந்தால் தோட்டத்துக்குப் போய்விடுவார். என் அம்மா மறுவீட்டுக்கு வந்தபோது இலை போட்டார், பரிமாறினார், ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடு மட்டும்தான் பேச்சு இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் சங்கடமாக இருந்தது.

தலை தீபாவளி முடிந்து பொங்கலுக்கு முன்னால், சூளகிரியில் ஒரு தையல்கடைக்கு மாமியார் என்னைக் கூட்டிப்போனார். டெய்லர் வழக்கம்போல ஒரு பக்கத் தோளை மட்டும் அளந்து எழுதப் போனார். "ரெண்டு தோளும் தனித்தனியா அளந்து எழுதிக்கப்பா. உள்ள எதையும் வெச்சுத் தெக்காத" என்றார் மாமியார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "முன்னாடியே சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா அத்தை?"

பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"தெரியலம்மா. வேணாம்னுகூட சொல்லியிருப்பேன்" என்றார். பஸ் வந்தது. கூட்டத்தில் எனக்கு முன்னால் ஏறி, தன் பக்கத்தில் எனக்கும் இடம் பிடித்து வைத்தார்.