துரையைக் கண்டால் இறங்கும் கால்: வட்டவளையிலிருந்து நுவரெலியாவுக்கு முப்பத்தேழு மைல்

போன மாதம் ஒரு தம்பி, ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளில் போய்வந்த கதையைத் தன் இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார். படங்கள் அழகு, குறை சொல்ல முடியாது. நடுவில் ஒரு வரி வந்தது: 'அந்தக் காலத்தில் தோட்டத்துப் பையன்கள்கூட ஒரு சைக்கிள் குழு வைத்திருந்தார்களாம். பந்தய ஒழுங்கு தெரியாமல் பாதி வழியில் நின்றுவிட்டார்களாம்.' படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நின்றது உண்மைதான் ஐயா. ஏன் நின்றார்கள் என்று கேட்க உங்களுக்கு வாயில்லையா?

எனக்கு வயது எண்பத்தைந்து. அந்தக் குழுவுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த ஹட்டன் டைலர் நான்தான். 1961இலும் 1962இலும் பெப்ரவரி மாதத்தில் அவர்களுக்குப் பின்னால் லொறியில் நானும் போனேன். இதே பாதையில் சைக்கிள் மிதிக்க நினைக்கிறவர்கள் பாதையையும் தெரிந்துகொள்ளுங்கள், நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் குழு. ஹட்டன் கடைத்தெருவில் சாலி நானா சைக்கிள் கடை வைத்திருந்தார். காலையில் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் தப்பால்காரர்கள் கடிதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குச் சைக்கிளில் வருவார்கள். மனுஷன் கடை வாசலில் நாற்காலி போட்டு, கையில் கடிகாரத்தோடு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தார். எந்தத் தப்பால்காரன் எத்தனை நிமிடத்தில் ஏறி வருகிறான் என்று பார்க்கத்தான். வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்து முனியாண்டி எல்லோரையும்விட ஆறு நிமிடம் முந்தி வந்தான். அவனோடு இன்னும் இரண்டு தப்பால்காரர்களையும், பேக்கரிப் பாண் பெட்டியைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோகும் அந்தோணியையும் நானா பிடித்தார். வேலை போக மிச்ச நேரத்தில் பயிற்சி. ஆளுக்கு மாதம் நாற்பது ரூபாய் சம்பளம். சைக்கிள் மிதிக்கச் சம்பளமா என்று ஊரே சிரித்தது. மலைநாட்டில் மிதிப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய முதல் ஆட்கள் இவர்கள்தான் என்று நான் சொல்வேன். இல்லை என்கிறவர் என் வீட்டுக்கு வாருங்கள், பேசிக்கொள்வோம்.

நானாவின் கை எத்தனை நாளைக்குத் தாங்கும்? கொழும்பில் டயர் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனிக்காரரை அவர் பிடித்து வைத்திருந்தார். வட்டவளையிலிருந்து நுவரெலியாவுக்கு நடக்கும் பந்தயத்தில் நால்வரில் ஒருவன் முதலாவதாக வந்தால், நால்வருக்கும் ஒரு வருஷச் சம்பளத்தைக் கம்பெனி கொடுக்கும், கூடவே புதுச் சைக்கிளும். இதுதான் பேச்சு.

1961இல் காலை ஏழு மணிக்கு வட்டவளையில் புறப்பட்டார்கள். ஹட்டன் வரை ஏழரை மைல், முழுக்க ஏற்றம். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் பதினோரு மைல். கொட்டகலை தாண்டியதும் பெரும்பாலும் இறக்கம், வலப்பக்கமும் இடப்பக்கமும் அருவி தெரியும், கண்ணைப் பாதையில் வையுங்கள். தலவாக்கலையிலிருந்து லிந்துல, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் பதினெட்டரை மைல். அதுதான் ஆளைக் கொல்லும் பகுதி. இரண்டாயிரத்துச் சொச்சம் அடி ஏற வேண்டும்.

தலவாக்கலையை முனியாண்டி கடந்தபோது அவனுக்குப் பின்னால் அரை மைலுக்கு ஆளே இல்லை. லொறி ஓட்டிய பியசேன ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிங்களத்தில் பாடிக்கொண்டு வந்தான். நானுஓயாவுக்கு இரண்டு மைல் முன்னால் ஒரு வளைவு. எதிரே ஒரு கறுப்புக் கார் வந்தது. முனியாண்டி வேலை செய்த தோட்டத்தை நடத்துகிற துரையுடைய கார்.

முனியாண்டி பிரேக் பிடித்தான். சைக்கிளைவிட்டு இறங்கினான். சைக்கிளை ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடும் கான் பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, குனிந்து நின்றான்.

கார் மெதுவாகத்தான் போனது. அதற்குள் பந்தயத்துக்கு வந்திருந்த கொழும்புக்காரர்கள் மூன்று பேர் அவனைத் தாண்டிவிட்டார்கள். அந்த ஏற்றத்தில் நின்ற சைக்கிளை மறுபடி மிதித்து எடுப்பது லேசான வேலையா? நான்காவதாக வந்தான். கம்பெனிக்காரர் கைகுலுக்கிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் துரை எதிரே வந்தால் குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும், சைக்கிளில் வந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். மழையானாலும் சரி, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் சரி. எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தது? எதிலும் இல்லை. வெள்ளைக்காரன் கொடியை இறக்கிப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. பங்களாவில் இருந்தவர்கூட இந்த நாட்டுக்காரர்தான். ஆனாலும் தொப்பி அதே தொப்பி. நடுரோட்டில், அரசாங்கப் பாதையில், பந்தயத்தில் முதலாவதாகப் போகிறவன் இறங்கி நிற்கிறான் என்றால், அந்தக் காலுக்கு எத்தனை தலைமுறையாக அதைப் பழக்கியிருப்பார்கள்!

"ஏன்டா எறங்கினே?" என்று நானா கேட்டார்.

"நான் எறங்கல நானா. காலு எறங்கிருச்சு" என்றான் முனியாண்டி. கேலிக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் அழுகை வரும்.

அந்தோணிக்கு அடக்க முடியவில்லை. "அவன் எடத்துல நான் இருந்தா எறங்கியிருக்க மாட்டேன்" என்றான்.

"வாய மூடு. ஒன்னையும் பாக்கத்தான் போறேன்" என்றார் நானா.

பார்த்தார். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகலைப் பாதையில் ஒரு கூத்து நடந்தது. நானா எங்கிருந்தோ ஒரு பழைய காரும் துரைமார் போடும் பெரிய தொப்பியும் வாங்கி வந்தார். எனக்கு அரைக்கால் சட்டை தைக்கச் சொன்னார். தைத்தேன். அந்தத் தொந்திக்கு அரைக்கால் சட்டை தைத்த பாவத்துக்கு எனக்கு நரகம்தான். அதைப் போட்டுக்கொண்டு, நால்வரும் ஏறி வரும் நேரம் பார்த்து எதிரே காரில் வருவார். முதல் வாரம் நால்வரும் இறங்கினார்கள். வாய்ப்பேச்சு வீரன் அந்தோணி எல்லோருக்கும் முதலில் இறங்கினான். உள்ளே இருப்பது நானா என்று தெரிந்தும் இறங்கினார்கள்! இறங்கியவன் மலையடிவாரத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஏறி வர வேண்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? ஐந்தாவது மாதம் மூன்று பேர் இறங்காமல் போனார்கள். முனியாண்டி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தான். ஒன்பதாவது மாதத்தில்தான் காருக்குப் பக்கத்தால் மிதித்துக்கொண்டு போனான். போனவன் ஒரு மைல் தள்ளி நின்று வாந்தி எடுத்தான்.

இடையில் செய்தி துரையின் காதுக்குப் போய்விட்டது. தொப்பிக் கதையைக் கேட்டால் எந்தத் துரைக்குத்தான் பொறுக்கும்? 1962 ஜனவரியில் முனியாண்டியைத் தோட்டத்துக் கந்தோருக்குக் கூப்பிட்டு, தப்பால் பை வேண்டுமா, பந்தயம் வேண்டுமா என்று கேட்டார். முனியாண்டி பையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டான். அன்றைக்கே பத்துச்சீட்டு, அதாவது தோட்டத்தைவிட்டுப் போகச் சொல்லும் கடிதம், எழுதிவிட்டார்கள். பெப்ரவரி முடிவதற்குள் குடியிருந்த லயத்துக் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். அவன் மனைவி லெட்சுமி கொழுந்து பறிக்கிறவள், கையில் ஆறு மாதப் பிள்ளை. கம்பெனியின் பேச்சு அந்த வருஷமும் அப்படியே இருந்தது. வென்றால் அந்தச் சம்பளத்தில் ஹட்டனில் ஓர் அறை எடுக்கலாம். தோற்றால் மூன்று பேரும் நடுத்தெருவில்தான்.

இப்போது 1962 பயணம். ஹட்டனிலிருந்து காலை ஐந்தரைக்கு லொறி புறப்பட்டது. குளிர் எலும்பைக் கடித்தது. நான் இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருந்தேன், அப்படியும் பல் ஆடியது. வட்டவளைக் கடையில் தேத்தண்ணி பத்துச் சதம், ரொட்டியும் சம்பலும் இருபது சதம். முனியாண்டி ஒன்றும் சாப்பிடவில்லை. "வயித்துல எடமில்லண்ணே" என்றான்.

ஏழு மணிக்குப் புறப்பாடு. ஹட்டனுக்கு ஏழு முப்பத்தெட்டு. கடைத்தெருவே வாசலில் நின்று கத்தியது. தலவாக்கலைக்கு எட்டு பன்னிரண்டு. இந்த முறை கொழும்புக்காரன் ஒருவன் முனியாண்டியின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் இருபது முப்பது கஜம் தள்ளி அந்தோணி. அதற்குப் பின்னால் நாங்கள்.

அதே வளைவு. கறுப்புக் கார் ஓரமாக நிறுத்தியிருந்தது. துரை காருக்குள் இல்லை. பாதி ரோடு வரைக்கும் இறங்கி வந்து, கையில் பிரம்போடு நின்றுகொண்டிருந்தார். பந்தயம் பார்க்க வந்தாரா, வேண்டுமென்றே வந்தாரா? எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். முனியாண்டி பத்துக் கஜ தூரத்தில் வரும்போது அவர் பிரம்பை உயர்த்தி, பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிடுகிற அதே குரலில், "முனியாண்டி!" என்றார்.

முனியாண்டியின் வலது கால் பெடலைவிட்டு எழுந்தது. லொறியிலிருந்து நான் பார்த்தேன். சைக்கிள் தள்ளாடியது. நானா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்தத் துரைமேல் வந்த ஆத்திரத்தில் லொறியைவிட்டுக் குதித்துவிடலாம் போல இருந்தது.

"மிதிடா! டேய் முனியாண்டி, மிதிடா!" பின்னாலிருந்து அந்தோணி கத்தினான், மலையே கேட்கும்படி.

கால் திரும்பப் பெடலில் விழுந்தது. முனியாண்டி குனிந்தான், தலையை நிமிர்த்தாமல் நேரே மிதித்தான். ஒதுங்கியது துரைதான். ஒரு கால் கானுக்குள் போக, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொழும்புக்காரன் போனான், அந்தோணி போனான், நாங்களும் போனோம். பியசேன ஹோர்னை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை.

ஒன்பது முப்பத்தாறுக்கு நுவரெலியாக் கடைத்தெரு. முனியாண்டி ஒரு சக்கர நீளத்தில் முதலாவது. கம்பெனிக்காரர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்தக் குழு கண்டிக்கும் கொழும்புக்கும் போய் ஓடியது, ஜெயித்தது. நான் தைத்த சட்டைகள் கிழிந்து கிழிந்து புதுச் சட்டைகள் தைத்தேன். ஒழுங்கு தெரியாத பையன்களாம்!

போகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெப்ரவரி, மார்ச்சில் போங்கள், மழை குறைவு. காலை ஏழுக்குப் பிந்தாதீர்கள், பிற்பகலில் மூடுபனி இறங்கினால் முன்சக்கரமே தெரியாது. தலவாக்கலையில் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், அதற்கப்புறம் ஏற்றத்தில் சாப்பிட்டால் வயிற்றைப் பிடிக்கும். பிரேக் கட்டையை முன்கூட்டியே மாற்றுங்கள், திரும்பும்போது இறக்கத்தில்தான் ஆள் விழுவது. முடியாதவர்கள் நானுஓயாவில் ரயிலேறித் திரும்பிவிடலாம், வெட்கமில்லை. தோட்டத்துப் பாதைகளில் போனால் கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் காட்சிப் பொருள் இல்லை, வேலையில் இருக்கிறார்கள்.

அன்றைக்கு நாங்கள் ரயிலில் வரவில்லை. நான்கு சைக்கிளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு, மாலை நான்கு மணிக்கு முனியாண்டியின் தோட்டத்துக்கே போனோம். கடைசிக் கொழுந்தை எடை போட்டு முடிந்து பெண்கள் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். லெட்சுமி கூடையை இறக்காமலே வந்து லொறிப் பக்கத்தில் நின்றாள். நானா பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைத் தூக்கிக் காட்டினார். நான் கம்பெனிக் கடிதத்தைக் காட்டினேன். அவள் இரண்டையும் பார்க்கவில்லை.

"தொர ரோட்டுல நின்னாராமே. எறங்கினீங்களா?" என்று முனியாண்டியைக் கேட்டாள்.

"எறங்கல புள்ள."

லெட்சுமி கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். காம்பராவுக்குள் போய்ச் சட்டி பானைகளைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.